குழந்தையின் எதிரே அமரப்போகிறவர்களுக்கு

குழந்தை மனோதத்துவம் பயிலும் இளம் நண்பர்களுக்கும், அவர்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

ஏழு வயதுக் குழந்தை ஒன்றை எதிரே அமர்த்தி, ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ கேள்விகள் கேட்டு, கட்டைகளை அடுக்கச் சொல்லி, படங்களை வரிசைப்படுத்தச் சொல்லி, முடிவில் ஓர் எண்ணையும் அதன் அடியில் இரண்டொரு வாக்கியங்களையும் எழுதிக் கையொப்பமிடும் அதிகாரத்தைச் சமூகம் உங்களிடம் ஒப்படைக்கவிருக்கிறது. அந்தத் தாள் பள்ளிக்கூடத்துக் கோப்பில் ஏறிய பிறகு, அக்குழந்தை எந்த வகுப்பில் உட்கார வேண்டும், எந்தப் புத்தகம் அதன் கைக்கு வர வேண்டும், உபாத்தியாயர் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், தாய் தந்தையர் எந்த ஆசையைக் கைவிட வேண்டும் என்பனவெல்லாம் அதைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. இத்தனை பெரிய அதிகாரத்தை ஏற்கப்போகிறவர்கள், தம் மொழியைப் பேசாத, தம் ஜாதியையோ மதத்தையோ நிறத்தையோ சேராத, தாம் வளர்ந்த வீட்டைப் போன்ற ஒரு வீட்டைக் கண்டேயிராத குழந்தை எதிரே வந்து அமரும்போது என்ன செய்யப் பழகியிருக்க வேண்டும் என்பதைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். பன்முகப் பண்பாட்டுப் பயிற்சி என்ற பெயரில் ஒரு தாளையோ, இரண்டு நாள் பயிலரங்கையோ பாடத்திட்டத்தின் ஓரத்தில் சேர்த்துவிட்டு, இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்று இருந்துவிடும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. பரீட்சிக்கும் கலையின் ஒவ்வோர் அசைவிலும் அப்பயிற்சி கலந்திருக்க வேண்டும் என்பதும், குழந்தையைச் சந்தேகிக்குமுன் தம் கருவியையும் தம் செவியையும் சந்தேகிக்கக் கற்பிப்பதே அதன் சாரம் என்பதும் என் துணிபு.

இக்கல்வியின் பிறப்பிடத்தைச் சுட்டச் சொன்னால் நான் கலிபோர்னியாவைச் சுட்டுவேன். அங்கும் பல்கலைக்கழகங்களைச் சுட்டுமுன் நியாயஸ்தலங்களையே சுட்டுவேன். 1970-ஆம் வருஷத் தொடக்கத்தில், மான்டெரே ஜில்லாவைச் சேர்ந்த ஒன்பது மெக்ஸிக வம்சத்துக் குழந்தைகளின் பொருட்டு அங்கே ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டது. வயல்களில் கூலிவேலை செய்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவர்கள். அவர்களை ஆங்கிலத்தில் பரீட்சித்து, அதில் கிடைத்த எண்ணை நம்பி, மனவளர்ச்சி குன்றியோருக்கென்று அந்நாளில் ஏற்பட்டிருந்த தனி வகுப்புகளில் சேர்த்திருந்தார்கள். இரு மொழியும் அறிந்த ஒருவர் அக்குழந்தைகளை மறுபடி அமர்த்தி, ஸ்பானிஷிலும் விடையளிக்க இடம் கொடுத்துப் பரீட்சித்தபோது, எண்கள் சராசரியாக 15 புள்ளிகள் உயர்ந்தன. பெரும்பாலோர் அந்த வகுப்புக்குரிய எல்லையைத் தாண்டி மேலே வந்துவிட்டார்கள். இடையில் அக்குழந்தைகளின் புத்தி மாறிவிடவில்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. டயானா என்ற குழந்தையின் பெயரால் வழங்கும் அவ்வழக்கு, இனி வீட்டு மொழியிலும் பரீட்சிக்க வேண்டும் என்ற உடன்படிக்கையோடு அந்த வருஷமே முடிவுற்றது.

அடுத்த வருஷம் ஸான் பிரான்சிஸ்கோ நகரில் எழுந்த வழக்கு இதனினும் ஆழமானது. ஏனெனில் அங்கே குற்றத்தை மொழியின் தலையில் சுமத்திவிட்டு நகர முடியவில்லை. ஆறு கறுப்பினக் குழந்தைகளின் சார்பில் தொடுக்கப்பட்டு, லாரி பி. வழக்கு என்று பெயர் பெற்ற அதில் தெரியவந்த கணக்கு இது: நகரப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு 28.5 பேர், மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புகளிலோ நூற்றுக்கு 66 பேர். அப்பிள்ளைகளும் ஆங்கிலம் பேசியவர்கள்தாம். அந்த நகரத்திலேயே வளர்ந்தவர்கள்தாம். அவர்களை அளந்த கருவிகளுள் பெயர் பெற்ற வெக்ஸ்லரின் குழந்தைகளுக்கான அளவுகோலோ, 1949-இல் வெளிவந்தபோது 2,200 குழந்தைகளைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது. அந்த 2,200 பேரும் வெள்ளையர்.

அவ்வழக்கின் நடுவே நிகழ்ந்த ஒரு காரியத்தை நீங்கள் நிதானமாகச் சிந்திக்க வேண்டுமென்று விரும்புகிறேன். வளைகுடாப் பகுதிக் கறுப்பின மனோதத்துவர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் அந்தக் குழந்தைகளை மீண்டும் பரீட்சித்தார்கள். கேள்விகளைத் தொடங்குமுன் குழந்தையோடு ஸ்நேகம் ஏற்படும் வரை காத்திருந்தார்கள். தன்னால் ஆகாது என்று முன்கூட்டியே தோற்றுவிட்ட மனத்தை மெல்ல மெல்ல நிமிர்த்தினார்கள். கேள்வியின் பொருள் கெடாமல், அக்குழந்தையின் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் பேச்சுக்கு ஏற்றவாறு சொற்களை மாற்றிக் கேட்டார்கள். விடைத்தாளில் அச்சிட்டிருந்த விடைக்கு வேறான விடையைக் குழந்தை சொன்னபோது, அந்த விடையின் பின்னே தெளிவான யோசனை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். எல்லையாக வைத்திருந்த 75 என்ற எண்ணை அத்தனை குழந்தைகளும் தாண்டினார்கள். நீதிபதி ராபர்ட் பெக்கம் 1972-இல் இடைக்காலத் தடை விதித்தார். நீண்ட விசாரணைக்குப் பின், 1979-இல், கறுப்பினக் குழந்தைகளை அவ்வகுப்புகளில் சேர்ப்பதற்கு அப்பரீட்சைகளைப் பயன்படுத்தலாகாது என்று தீர்ப்பளித்தார்.

அளக்கும் முறையைத் தளர்த்திவிட்டால் அளவு உயர்வதில் அதிசயம் என்ன, ஒருவருக்கு ஒரு முறையும் மற்றவருக்கு வேறு முறையுமாக அளந்து எதை எதனோடு ஒப்பிடுவது என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அந்த ஆட்சேபம் அற்பமானதன்று. அளவைக் கலையைச் சிரத்தையோடு கற்ற எவருக்கும் எழ வேண்டிய ஆட்சேபமே அது. சிகாகோவில் எழுந்த இதே போன்ற வழக்கொன்றில், 1980-இல் நீதிபதி ஜான் கிரேடி, பரீட்சையின் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தாமே படித்துப் பார்த்து, மொத்தத்தில் ஒன்பது கேள்விகளே பட்சபாதமுடையவையென்று ஐயுறத்தக்கவை என்று கண்டு, கலிபோர்னியத் தீர்ப்புக்கு நேர்மாறான தீர்ப்பை வழங்கினார். ஆனால் படித்த பெரியவர் ஒருவர் தம் அறையில் அமர்ந்து ஒரு கேள்வியைப் படித்து, இதில் தவறு ஒன்றும் இல்லை என்று நினைப்பது, அந்தக் கேள்வி ஒரு குறிப்பிட்ட குழந்தையின் செவியில் விழும்போது என்ன ஆகிறது என்பதற்குச் சாட்சியம் ஆகுமா? தன்னிலும் சிறிய பையன் ஒருவன் அடிக்க வந்தால் என்ன செய்வாய் என்பது பழைய வெக்ஸ்லர் பரீட்சையின் பேர்போன கேள்வி. திருப்பி அடிக்காவிட்டால் நாளை அந்தத் தெருவில் நடமாட முடியாது என்பதை அநுபவத்தால் அறிந்த பிள்ளை உண்மையைச் சொல்கிறான். அந்த உண்மை விடைத்தாளில் இல்லை. அங்கே அளக்கப்பட்டது புத்தியா, வாழ்ந்த தெருவா என்று பரீட்சிப்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளாவிடில், அந்தப் பிள்ளைக்காக அதைக் கேட்பவர் வேறு யாரும் அந்த அறையில் இல்லை.

தடையாணையால் மட்டும் இது தீர்ந்துவிடாது என்பதையும் கலிபோர்னியாவே காட்டிற்று. 1986-இல் அத்தடை விரிவாக்கப்பட்டு, எவ்விதச் சிறப்புக் கல்வியின் பொருட்டும் கறுப்பினக் குழந்தைக்குப் புத்தியளவைப் பரீட்சை நடத்தலாகாது என்று ஆயிற்று. தம் பிள்ளை படிப்பில் எங்கே தடுக்கி நிற்கிறது என்று அறிந்துகொள்ள அதே பரீட்சையை விரும்பிய கறுப்பினப் பெற்றோர் சிலர் வழக்காடியதன் பேரில், 1992-இல் அந்த விரிவு நீக்கப்பட்டது. கருவியைப் பூட்டி வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தவர்களுக்கும், கருவி குற்றமற்றது என்று வாதித்தவர்களுக்கும் இடையே, அதைக் கையாள்வோரைப் பக்குவப்படுத்தும் பொறுப்பு பயிற்சிக்கூடங்களின் வாயிலில் வந்து நின்றது.

1973-இல் கொலராடோவின் வேல் என்னும் ஊரில் கூடிய அமெரிக்க மனோதத்துவர் மகாநாடு, வேறு பண்பாட்டைச் சேர்ந்தவர்களுக்குச் சேவை செய்யும் தகுதியைப் பெறாமல் அவர்களுக்குச் சேவை செய்ய முற்படுவது தொழில் தர்மத்துக்கு விரோதம் என்று கூறியது. தகுதியுள்ளவர் இல்லையென்று காரணம் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்புவதும் தர்ம விரோதமே என்று அதே மூச்சில் கூறியதைத்தான் நான் பெரிதும் போற்றுகிறேன். ஏனெனில் தப்பித்துக்கொள்ள இருந்த இரண்டு வாயில்களையும் அது ஒருங்கே அடைத்துவிட்டது. 1975-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய ஊனமுற்ற குழந்தைகளின் கல்விச் சட்டம், குழந்தையின் தாய்மொழியில் பரீட்சிக்க வேண்டும், ஒரே பரீட்சையைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்று விதித்தது.

அதன்பின் பயிற்சிக்கு ஒரு வடிவம் ஏற்பட்டது. டெரால்ட் விங் ஸூவும் அவருடைய சகாக்களும் 1982-லும் 1992-லும் வெளியிட்ட கட்டுரைகளில், பயிற்சி பெறுபவர் தம்முள் உறைந்த நம்பிக்கைகளை உணர்தல், எதிரே இருப்பவரின் உலகத்தைப் பற்றிய அறிவு, அதற்கேற்ற செயல்திறன் என்று மூன்று அங்கங்களை வகுத்தார்கள். வகுத்தது நன்றே. ஆனால் இம்மூன்றனுள் நடுவில் உள்ளதே கற்பிக்க எளிது, மதிப்பெண் போடவும் எளிது; ஆதலால் அது பெருத்து, முன்னும் பின்னும் உள்ளவற்றை மெலியச் செய்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். இன்ன சமூகத்தார் இன்ன சுபாவமுடையவர், இன்ன தேசத்துத் தாய்மார் பிள்ளைகளை இன்னவாறு வளர்ப்பர் என்ற பட்டியல்கள் வகுப்பறைகளில் மனப்பாடம் ஆகின்றன. பழைய பட்சபாதம் அறியாமையிலிருந்து பிறந்தது. புதிய பட்சபாதம் பாடப்புத்தகத்திலிருந்து பிறக்கிறது.

நான் மிகைப்படுத்துவதாக எண்ணவேண்டாம். மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்ஸியா என்ற இரு மருத்துவர்கள் 1998-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து சில மணி நேரமே ஆகியிருந்த ஒரு லத்தீன் அமெரிக்க வம்சத்துப் பெண்மணி வேதனையில் முனகிக்கொண்டிருக்கிறாள். அருகிருந்த அதே வம்சத்து மருத்துவர் ஒருவர், இவளுக்கு வலி அதிகமாக இருக்கிறது போலும் என்று, கவனித்துக்கொண்டிருந்த கறுப்பினச் செவிலியிடம் சொல்கிறார். தான் செவிலியர் பள்ளியில் பண்பாட்டு மருத்துவம் படித்திருப்பதாகவும், அந்த வம்சத்து நோயாளிகள் வலியை அதிகமாகக் காட்டிக்கொள்வார்கள் என்று கற்றிருப்பதாகவும் செவிலி அந்த எண்ணத்தை ஒதுக்கிவிடுகிறாள். அவள் கொடியவள் அல்லள், பயிற்சி பெற்றவள். கண்ணெதிரே கிடந்த பெண்ணைக் காணவொட்டாமல் தடுத்தது அந்தப் பயிற்சியே.

குழந்தைகள் விஷயத்தில் இத்தவறு இன்னும் கொடிது. ஏனெனில் முனகக்கூடத் தெரியாத பருவம் அது. ஆசிய தேசத்துக் குழந்தைகள் பெரியவர்களை நிமிர்ந்து பார்ப்பதில்லை, அது மரியாதை என்று மனப்பாடம் செய்த ஒருவர் எதிரே, பார்வையும் பேச்சும் மெய்யாகவே தடைப்பட்ட ஆட்டிசக் குழந்தை ஒன்று வந்து அமர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்பாடுதானே என்று அவர் அனுப்பிவிடுவாரானால், மூன்று வயதில் தொடங்கியிருக்க வேண்டிய உதவி ஏழு வயதில் தொடங்கும். அப்பட்டியலைக் கேட்டேயிராத இன்னொருவர், வெறும் கூச்சத்தால் தலை குனிந்த குழந்தையை ஆட்டிசம் என்று எழுதிவிடக்கூடும். பாட்டியின் அருகிலேயே உறங்குவதும், ஆறு வயதிலும் அம்மா ஊட்டிவிட உண்பதும் ஒரு வீட்டில் அன்பின் நித்திய வழக்கம். மற்றொரு வீட்டில் குழந்தையின் பயத்துக்கு அடையாளம். எந்த வீட்டில் எது என்பதைப் பட்டியல் சொல்லாது. அந்தப் பாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதிலும் ஒரு வித்தை இருக்கிறது. மைக்கேல் கோலும் அவர் கூட்டத்தாரும் 1960-களில் லைபீரியாவின் க்பெல்லே மக்களிடையே செய்த ஆராய்ச்சிகளின்போது, உணவுப் பண்டங்களையும் கருவிகளையும் கலந்து வைத்து, ஒத்தவற்றை ஒன்று சேர்க்கச் சொன்னார்கள். உணவுப் பண்டங்களை ஒரு குவியலாகவும் கருவிகளை ஒரு குவியலாகவும் பிரிப்பார்கள் என்று ஆராய்ச்சியாளர் எதிர்பார்த்திருக்க, அக்குடியானவர்களோ வெட்டும் கத்தியை வெட்டப்படும் பண்டத்தோடு சேர்த்து, விவேகமுள்ளவன் இப்படித்தான் செய்வான் என்றார்கள். மூடன் எப்படிச் செய்வான் என்று கடைசியில் ஒருவர் கேட்டுப் பார்த்தார். உடனே பண்டங்கள் ஒரு பக்கம், கருவிகள் ஒரு பக்கம் என்று ஆராய்ச்சியாளர் விரும்பியவாறே பிரித்துக் காட்டினார்கள். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் ஆராய்ச்சியாளர் ஊர் திரும்பியிருந்தால், அம்மக்களுக்கு வகை பிரிக்கும் சக்தியே இல்லை என்று ஒரு நூல் எழுதப்பட்டிருக்கும். பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் இன்னும் ஒரு கேள்வி கேட்கும் பொறுமையை இதிலிருந்து பெற வேண்டும்.

கனடாவில் ஜிம் கமின்ஸ் கண்டறிந்த செய்தியும் உங்கள் நித்திய வேலைக்கு வேண்டியது. புதிதாகக் குடியேறிய குழந்தை ஏறத்தாழ 2 வருஷங்களில் விளையாட்டு மைதானத்தில் சரளமாக ஆங்கிலம் பேசத் தொடங்கிவிடும். பாடப்புத்தகத்தின் ஆங்கிலத்தில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்கவோ 5 முதல் 7 வருஷங்கள் ஆகின்றன. நானூறுக்கு மேற்பட்ட குழந்தைகளின் பரீட்சை அறிக்கைகளை அவர் ஆராய்ந்து, குழந்தை சரளமாகப் பேசுவதைக் கேட்டு மொழித்தடை நீங்கிவிட்டது என்று நம்பி, மிச்சமிருந்த மொழிக் குறையைப் புத்திக் குறையாக எழுதிவைத்த பிழையை எடுத்துக் காட்டினார். 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து டொரொண்டோ நகரில் குடியேறிய ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளும் இந்த இடைப்பட்ட வருஷங்களைக் கடந்தே வளர்ந்தார்கள் என்பதால் இச்செய்தி நமக்கு அயலாருடைய செய்தி அன்று. அக்காள் மொழிபெயர்த்துச் சொல்ல, அம்மா தலையசைக்க, தம்பியைப் பற்றி முடிவு எழுதப்படும் ஏற்பாட்டை எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள். பத்து வயதுச் சிறுமியைக் கொண்டு ஒரு தாயின் பிரசவ வரலாற்றையும் வீட்டின் துயரங்களையும் கேட்டறிவது அந்தச் சிறுமிக்கும் தீங்கு, கிடைக்கும் செய்திக்கும் தீங்கு. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி, அவரிடம் முன்கூட்டி எதைச் சொல்வது, பிறகு எதைக் கேட்பது என்பதற்கு நீங்கள் கற்பிக்கும் மணி நேரங்கள் எத்தனை என்று ஆசிரியப் பெருமக்களை வினயத்தோடு கேட்கிறேன்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். பாரிஸ் நகரில் 1905-இல் ஆல்பிரெட் பினேயும் தியோடர் சிமோனும், பள்ளியில் தனி உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறியும் பொருட்டு ஆக்கிய அளவுகோல், 1916-இல் ஸ்டான்போர்டில் லூயிஸ் டெர்மனின் கையில் புது வடிவம் பெற்று, பிறகு காமத் என்ற அறிஞரின் உழைப்பால் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றப்பட்டது. வெக்ஸ்லரின் அளவுகோலை நாகபுரியில் மாலின் இந்தியக் குழந்தைகளுக்கென்று அமைத்து 1969-இல் வெளியிட்டார். அவ்விருவரின் உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் வேறு பிரதேசத்தில், வேறு காலத்தில் நிர்ணயிக்கப்பட்ட அளவுகள் இன்றும் நம் மருத்துவமனைகளில் புழங்குகின்றன என்பதை அறிந்து வைத்துக்கொண்டு, இருளர் குடியிருப்பிலிருந்து வரும் குழந்தையின் முன்னும், நரிக்குறவர் குழந்தையின் முன்னும், மண்டபம் அகதி முகாமில் பிறந்த குழந்தையின் முன்னும் அதே புத்தகத்தைத் திறக்கும் நமக்கு, கலிபோர்னிய வழக்கில் கண்ட அந்த 2,200 என்ற எண் நினைவுக்கு வர வேண்டாமா?

ஜாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். நம் பயிற்சிகளில் அது சமூகவியல் பாடமாக வந்து போகிறதே தவிர, பரீட்சிப்பவரின் செவிக்குள்ளேயே அமர்ந்திருக்கும் ஒன்றாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. குழந்தை பேசும் தமிழின் உச்சரிப்பிலிருந்தும், தந்தை செய்யும் தொழிலிலிருந்தும், குடியிருக்கும் தெருவின் பெயரிலிருந்தும், கேள்வி தொடங்குமுன்பே கேட்பவர் மனத்தில் ஓர் எண் எழுதப்பட்டுவிடுகிறது. அந்தக் குழந்தை தயங்கும்போது ஐந்து விநாடி காத்திருப்பவர், தம் வீட்டுப் பேச்சைப் பேசும் குழந்தை தயங்கும்போது பத்து விநாடி காத்திருப்பதைத் தாமே அறியமாட்டார். ஆகவே, பெற்றோரின் சம்மதத்தோடு, மாணவர் நடத்தும் பரீட்சைகளை ஒளிப்பதிவு செய்து, ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக அமர்ந்து, எந்தக் குழந்தைக்கு எவ்வளவு காத்திருந்தார், யாரைப் பார்த்துப் புன்னகை செய்தார், எந்த விடையை இன்னொரு முறை விளக்கச் சொன்னார் என்று பார்ப்பதைவிடச் சிறந்த பாடம் இத்துறையில் உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. இதற்குப் பெரிய செலவில்லை, மனத்துணிவுதான் வேண்டும்.

அறிக்கை எழுதும் பழக்கமும் மாற வேண்டும். எந்த மொழியில் கேட்கப்பட்டது, அக்குழந்தை எத்தனை வருஷம் பள்ளிக்குச் சென்றது, எந்த அளவுகோல் எந்த ஊர்க் குழந்தைகளைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது, எந்தக் கேள்விகள் இக்குழந்தையின் வாழ்க்கையோடு பொருந்தவில்லை என்பன, எண்ணுக்குப் பின் சிறிய எழுத்தில் வராமல், எண்ணுக்கு முன்னேயே வர வேண்டும். எழுதியதைத் தாய்க்கோ தந்தைக்கோ அவர்களுடைய மொழியில் வாசித்துக் காட்டி, இது உங்கள் பிள்ளைதானா என்று கேட்ட பிறகே கையொப்பமிடும் வழக்கத்தை மாணவப் பருவத்திலேயே உண்டாக்க வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த பருவத்துக்குப் பயிற்சிக் களங்களை ஒதுக்கும்போது, நகரத்து மருத்துவமனைகளோடு, திருவள்ளூர் ஜில்லாவின் செங்கற்சூளைகளை ஒட்டிய ஒரு பள்ளியையும் சேருங்கள். அங்கே ஒடிஷாவிலிருந்து பெற்றோருடன் வந்து, சூளை நடக்கும் மாதங்கள் மட்டும் தங்கி, மழை தொடங்குமுன் ஊர் திரும்பிவிடும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஒடியா அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு எந்தப் பரீட்சைப் பெட்டியையும் மாணவர்கள் திறக்க வேண்டாம். அக்குழந்தைகள் கல் அடுக்குவதையும், கணக்குப் பார்ப்பதையும், தம்பி தங்கையரைப் பேணுவதையும், ஒடியா, தமிழ் இரண்டையும் கலந்து தமக்குள் பேசிக்கொள்வதையும் பார்த்து எழுதி வரட்டும். பெட்டியைத் திறப்பதா, திறந்தால் அதில் எதை எடுப்பது என்பதை அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர்களோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறைக்கு வெளியே நின்று, உங்கள் கையொப்பத்தின் கனத்தை அறிந்த ஓர் உபாத்தியாயர்.